ஜயநகர் முதல் ஜனகபுரி வரை

வெளிநாடு என்றவுடன் நம்மவர் நினைவில் முதலில் எழுவது கடலும் அன்று, ஆகாயமும் அன்று, காகிதமே. பாஸ்போர்ட் உண்டா, விசா கிடைக்குமா, வங்கிக் கணக்கில் எவ்வளவு இருப்புக் காட்ட வேண்டும் என்ற கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். அந்தப் பாஸ்போர்ட்டுகளுக்குள்ளும் உயர்வு தாழ்வு உண்டு. ஹென்லி என்ற நிறுவனத்தார் 2025இல் வெளியிட்ட தரவரிசையில் சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டே முதலிடம் பெற்றது. அதனை உடையவர் 190க்கு மேற்பட்ட இடங்களுக்கு முன்கூட்டி விசா வாங்காமலே செல்லலாம். நம் பாரத நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு அத்தகைய இடங்கள் 60ஐ ஒட்டியே இருந்தன.

ஆயினும், பாஸ்போர்ட்டே இல்லாத எங்கள் குடும்பம் சென்ற மாசி மாதத்தில் ஓர் அயல்நாட்டுக்கு ரயிலேறிச் சென்று வந்தது. நேபாளத்துக்கும் நமக்கும் 1950ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் ஏற்பட்ட நட்பு உடன்படிக்கை, இரு நாட்டுக் குடிகளும் ஒருவர் நாட்டில் மற்றவர் வசிக்கவும், தொழில் செய்யவும், நடமாடவும் இடம் தருகிறது. விசா என்ற பேச்சே இல்லை. இத்தனை அருகில் இத்தகைய வசதி இருந்தும் கல்கத்தாவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் காசியோடும் கயையோடும் நின்றுவிடுகின்றனர். அதனாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

யாத்திரைக்குக் காரணம் எங்கள் தாயார். சீதாபிராட்டி பிறந்த மண்ணை ஒருமுறை மிதிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் ஜனகபுரி இப்போது வேறு நாட்டில் இருக்கிறது என்று அறிந்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "எல்லையைத் தாண்டுகிற வேலை நமக்கு வேண்டாம், தம்பி" என்றார்.

அவர் அஞ்சியதில் வியப்பில்லை. எங்கள் பாட்டனார் 1935இல் இரங்கூனுக்குப் பிழைக்கச் சென்றபோது அவர் கையில் இருந்தது கப்பல் டிக்கெட் ஒன்றே. பர்மா அன்று இந்தியாவோடு சேர்ந்திருந்தது. தஞ்சையிலிருந்து மதுரைக்குப் போவது போல் போனார். 1937இல் அது தனியே பிரிக்கப்பட்டது. 1964இல் அங்கே கடைகளும் வாணிகமும் அரசுடைமையாக்கப்பட்டபின் நம்மவர் ஆயிரக்கணக்கில் கப்பலேறினர். அவர்களுள் ஒருவராகப் பன்னிரண்டு வயதில் சென்னை வந்து இறங்கியவரே எங்கள் தாயார். இரங்கூன் துறைமுகத்தில் சோதனையிட்டவர்கள் பாட்டியாரின் கழுத்திலும் காதிலும் இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமீது வைக்கச் சொன்னார்கள். சிறுமியின் ஒற்றைக்கல் மூக்குத்தி ஒன்றே, அவர்கள் இரங்கினார்களோ கவனிக்கவில்லையோ, தப்பியது. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் அதனை அணிந்திருக்கிறார்.

அந்தச் சமயத்தில் எங்கள் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். அவர் அந்நாட்டுக் குடிமகன். "நான் துணைக்கு வருகிறேன், அத்தை, என் பாஸ்போர்ட்டைப் பார்த்தால் எந்த வாசலும் திறக்கும்" என்று தைரியம் கூறினார். விசாரித்ததில்தான் வேடிக்கை தெரிந்தது. ஜயநகர்–குர்த்தா ரயில் 2022இல் தொடங்கியபோது வகுத்த விதிப்படி அதில் இந்தியரும் நேபாளியரும் மட்டுமே ஏறலாம்; மூன்றாம் நாட்டார்க்கு இடமில்லை. விமானத்தில் காட்மாண்டு சென்றால் அவர் அங்கே கட்டணம் செலுத்தி விசா பெறலாம். பதினைந்து நாட்களுக்கு 30 டாலர். எங்களுக்கோ ஒரு காசும் இல்லை. "உலகத்துப் பூட்டெல்லாம் திறக்கிற சாவி, மாப்பிள்ளை, உங்கள் ஜயநகர்ப் பூட்டுக்கு மட்டும் சேரவில்லை" என்று சிரித்து, வீட்டுக்குக் காவலாக இருந்துவிட்டார்.

சியால்தாவில் மாலையில் கங்காசாகர் எக்ஸ்பிரஸில் ஏறி மறுநாட் காலை ஜயநகர் அடைந்தோம். பீகாரின் மதுபனி ஜில்லாவில், நம் இருப்புப்பாதை முடியும் இடம் அது. நேபாள ரயில்வேயின் நிலையம் அதனருகிலேயே தனியாக இருக்கிறது. நடைமேம்பாலம் ஒன்று இரண்டையும் இணைக்கிறது. பாலத்தின் நடுவில் தாயார் நின்றார். மூக்குத்தியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லித் தேறும் அச்சம் அன்று அது.

எல்லைக் காவலர் எங்கள் வாக்காளர் அட்டைகளைப் பார்த்தார். பிள்ளைக்கு ஒன்பது வயது, தாயாருக்கு அறுபத்தைந்துக்கு மேல். ஆகவே அவ்விருவருக்கும் ஆதார் அட்டையே போதும். காவலர் பையைத் தடவிப் பார்த்து, "போங்கள், தாயே" என்று இந்தியில் கூறி அடுத்தவரை அழைத்தார். தாயார் நகரவில்லை. "அவ்வளவுதானா?" என்று எங்களை நோக்கினார். பின்னால் நின்ற மைதிலி மாது ஒருத்தி, தலையில் மூட்டையும் கையில் பேரக் குழந்தையுமாக, எங்களை ஒதுக்கிக்கொண்டு முன்னே போனாள். மகளை அக்கரையில் கட்டிக் கொடுத்திருக்கிறாளாம். அப்பக்கத்தில் ரொட்டியும் பெண்ணும் இரு புறமும் போய்வரும் என்று வழக்கு; அவளுக்கு இது வெளிநாடே அன்று.

வண்டியைப் பற்றி ரயில்வே ஊழியரான நாங்கள் இரண்டு வார்த்தை கூறாமல் இருக்க முடியாது. இங்கே 1937 முதல் இரண்டரை அடி அகலக் குறுகிய பாதையில் சிறு ரயில் ஓடிற்று. 2014இல் அது நின்றது. பின்னர் நம் அரசின் உதவியால் அகலப் பாதை போடப்பட்டு, குர்த்தா வரை ஏறக்குறைய 35 கிலோமீட்டர் 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டது. நேபாளத்தார் வாங்கிய டீசல் தொடர்வண்டிகள் நம் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையிலே பிறந்தவை. இதனைக் கூறியதும் தாயார் பலகையைத் தடவிப் பார்த்து, "நம் ஊர் வண்டியா?" என்று அப்பொழுதுதான் சாய்ந்து உட்கார்ந்தார்.

எல்லைக் கோடு எங்கே என்று ஜன்னலில் முகம் பதித்துத் தேடிய பையனுக்கு ஏமாற்றமே. இப்பால் கோதுமை வயல், அப்பாலும் கோதுமை வயல். மாமரமும் மூங்கிற் புதரும் குளமும் அப்படியே தொடர்ந்தன. இனர்வா நிலையம் வந்ததும் எழுத்துப் பலகையைக் கண்டே நேபாளம் என்று அறிந்தோம். கடிகாரத்தைப் பதினைந்து நிமிஷம் முன்னே தள்ளி வைத்தோம். வழியில் ஒரு நிலையத்தின் பெயர் வைதேகி! கால அட்டவணையோடு காலம் கழிக்கும் எங்களுக்கு, ஒரு நிலையப் பெயரைக் கண்டு கண் பனித்தது அதுவே முதல் முறை.

ஜனகபுரி தூசு நிறைந்த ஊர்தான்; அதனை மறைப்பானேன்? பாட்டரி ரிக்ஷாக்கள் மணியடித்து மொய்க்கின்றன. ஆனால் ஜானகி மந்திரின் முன் வந்து நின்றவுடன் அவையெல்லாம் மறந்துபோகும். நம் கோபுரத்தையும் விமானத்தையும் எதிர்பார்த்துச் செல்பவர் திகைப்பார்கள். வெள்ளை வெளேரென்ற மூன்று நிலை மாளிகை; குவிமாடங்களும் வளைவுகளுமாக ராஜபுத்திர அரண்மனை ஒன்று இறங்கி வந்தாற்போலத் தோன்றும். திகம்கட் அரசியார் விருஷபானு 1910இல் கட்டி முடித்தார். ஒன்பது லட்சம் ரூபாய் செலவாயிற்றென்பதால் ‘நௌலக்கா’ என்றும் வழங்குவர். நம் கோயில்களில் இராமனுக்கு அருகில் நிற்கும் பிராட்டி இங்கே தாய்வீட்டுப் பெண். ஊர்ப் பெண்டிர் அவளைத் தங்கள் வீட்டு மகளைப் போலவே பாடுகின்றனர். அருகில் விவாக மண்டபம்; பெரும்பாலும் கார்த்திகையில் வரும் விவாக பஞ்சமியன்று பெருந்திரள் கூடுமாம்.

சந்நிதியில் தாயார் வெகுநேரம் கண் மூடி நின்றார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து மூக்குத்தியை எடுத்தார். உண்டியலில் இடப் போகிறாரோ என்று எங்கள் மனைவியார் பதறினார். அவர் அதனைப் பிராட்டியின் முன் ஒருமுறை காட்டிவிட்டு, கண்ணாடியின்றியே மூக்கில் செருகித் திருகினார்.

மாலையில் திரும்புகையில் ஜயநகர்ப் பாலத்தில் மீண்டும் சோதனை. காவலர் வேறொருவர், சற்றுக் கடுகடுப்பானவர், பையைக் கவிழ்த்தே பார்த்தார். வளையல்களும் குங்குமமும் மதுபனிச் சித்திரம் ஒன்றும் வெளியே விழுந்தன. தாயார் குனிந்து அவற்றைப் பொறுக்கி, "எல்லாம் பெண்ணுக்கு வாங்கினது, ஐயா" என்று தமிழிலேயே விளக்கம் கூறிக்கொண்டிருந்தார். மூக்குத்தி மூக்கில்தான் இருந்தது.

செல்ல விரும்பும் அன்பர்கள் வாக்காளர் அட்டையின் அசலை எடுத்துச் செல்க. பிரதியை நம்ப வேண்டாம். நூறு ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்வது நலம். நம் நூறு ரூபாய்க்கு நேபாள நாணயம் 160. வண்டி நேரம் மாறுவதுண்டாதலால் ஜயநகரில் இறங்கியவுடன் திரும்பும் வண்டியையும் கேட்டறிந்துகொள்க. கேட்கும்போது, சொல்லப்படும் மணி எந்த நாட்டு மணி என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.