மஞ்ச லைட் எரியுதா... மெர்சலாகாதீங்க!

பைபாஸ்ல ஜம்முனு போயிட்டு இருக்கீங்க. திடீர்னு டாஷ்போர்டுல மஞ்சள் கலர்ல ஒரு குட்டி இன்ஜின் படம் எரியுது. அந்த நிமிஷமே நம்ம மக்கள் ரெண்டு ரகமாப் பிரிஞ்சிடுவாங்க. 'வண்டிதான் ஓடுதே, விடு மச்சி'னு பாட்டுச் சத்தத்தைக் கூட்டுறவங்க ஒரு ரகம். பதறியடிச்சு ஒர்க்‌ஷாப்ல விட்டுட்டு, நீட்டுற பில்லுக்குத் தலையாட்டுறவங்க இன்னொரு ரகம். கடைசியில ரெண்டு பேருக்குமே பர்ஸ் காலி!

முதல்ல கலரைப் பாருங்க பாஸ். ஆயில் பிரஷர், இன்ஜின் சூடு, பிரேக்... இதெல்லாம் சிவப்புல எரிஞ்சா, 'வீடு வரைக்கும் போயிடலாம்'கிற பேச்சே கூடாது. ஓரங்கட்டி நிறுத்திடுங்க. ஆயில் பிரஷர் இல்லாம ஓடுற இன்ஜின் சில நிமிஷத்துலயே காயலான் கடைக்கு ரெடியாகிடும். மஞ்சள் அவ்வளவு அவசரம் இல்ல. ஆனா அந்த இன்ஜின் படம் விட்டு விட்டு எரிஞ்சா உஷார்! ஏதோ ஒரு சிலிண்டர் சரியா எரியலைன்னு அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கியே கெடுத்துடும். அதோட விலையைக் கேட்டா உங்களுக்கும் சூடாகும்!

சரி, லைட் ஏன் எரியுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிஞ்சு தேடுங்க. 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதுக்குப் பேர் ஓபிடி போர்ட். அமெரிக்காவுல 1996 மாடல் கார்கள்ல இருந்து ஓபிடி-2 கட்டாயம். நம்ம ஊர்ல 2020 ஏப்ரல்ல பி.எஸ்.-6 அமலானதுக்கு அப்புறம் வந்த எல்லாக் கார்லயும் இருக்கு. ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்கிற ஒரு புளூடூத் ஸ்கேனரை அதுல செருகினா, இன்ஜின் கோட் உங்க செல்போன்ல வந்து நிக்கும்.

இங்கதான் மேட்டரே இருக்கு. உதாரணமா, பி0171. காத்து அதிகம், பெட்ரோல் கம்மின்னு வண்டி புகார் சொல்லுது. புகார்தான், தீர்ப்பு இல்ல! காத்து போற ஹோஸ்ல விரிசல் இருக்கலாம். காத்தை அளக்குற சென்சார்ல அழுக்கு இருக்கலாம். பெட்ரோல் பம்ப் வீக்கா இருக்கலாம். ஆனா நிறைய பேர் முதல்ல கழட்டி மாத்துறது ஆக்சிஜன் சென்சாரை. பாவம், உண்மையைச் சொன்னதே அதுதான்! எய்தவன் இருக்க அம்பை நோகலாமா?

எங்க சித்தப்பா காருக்கு நடந்ததைக் கேளுங்க. ஒருநாள் காலையில ஏபிஎஸ், ஸ்டீயரிங், டிராக்‌ஷன்னு எல்லா லைட்டும் ஒண்ணா எரிஞ்சு, டாஷ்போர்டுல தீபாவளி. ஒர்க்‌ஷாப்ல ஸ்கேன் பண்ணிட்டு, 'ஏபிஎஸ் யூனிட்டையே மாத்தணும் சார்'னு சொன்ன தொகை, அவரோட ஒரு மாசச் சம்பளம். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, ராத்திரி முழுக்க நிறுத்தி வெச்சு, காலையில காலேஜ் லேப்ல தினமும் பிடிக்கிற அதே மல்டிமீட்டரை பேட்டரியில வெச்சேன். ஃபுல் சார்ஜ்ல 12.6 வோல்ட் காட்டணும். காட்டினது 11.9. ஸ்டார்ட் பண்ணும்போது 9-க்கும் கீழே விழுந்துச்சு. புது கார்ல டஜன் கணக்குல குட்டி குட்டி கம்ப்யூட்டர்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டே இருக்கும். கரன்ட் பத்தலைன்னா பேச்சு அறுந்து, ஆளாளுக்குப் புகார் எழுத ஆரம்பிச்சிடும். புது பேட்டரி மாட்டி, கோடை அழிச்சோம். அதுக்கப்புறம் ஒரு லைட்டும் எரியல. சித்தப்பா சம்பளம் தப்பிச்சுது!

இன்னொரு விஷயம். கோடை அழிச்சிட்டா நோய் போயிடாது. சாட்சிதான் போயிடும். கோட் விழுந்த நொடியில இன்ஜின் எவ்வளவு வேகமா சுத்துச்சு, எவ்வளவு சூடா இருந்துச்சுங்கிற விவரத்தையும் கம்ப்யூட்டர் சேமிச்சு வெச்சிருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம்னு பேர். பேட்டரி வயரைக் கழட்டி மாட்டுற குறுக்குவழியில அதுவும் போயிடும். அதனால முதல்ல அதையெல்லாம் போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. அழிக்கிறதெல்லாம் அப்புறம்.

நாமளே ஸ்பேனரைத் தூக்கணும்னு சொல்லல. ஒர்க்‌ஷாப் போனதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க. 'இந்த பார்ட்தான் போயிருக்குன்னு எப்படிண்ணே டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்க?' தொழில் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன், பானெட்டைத் திறந்து சந்தோஷமா விளக்குவார். 'அதான் கோடு சொல்லுதே தம்பி'ங்கிறது மட்டும்தான் பதில்னா... பர்ஸைத் திறக்காதீங்க பாஸ்!