மேஜைமேல் ஒரு மலை ரயில்

மலையைச் சுருக்கி மேஜைமேல் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னால், விக்கிரமாதித்தன் கதை சொல்ல வந்திருக்கிறார் என்றே நினைப்போம். ஆனால் உலகெங்கும் இதையே காரியமாகக் கொண்ட மனிதர்கள் பலர் இருக்கிறார்கள். ஓர் இருப்புப்பாதையை எடுத்துக்கொண்டு, இத்தனையில் ஒரு பங்கு என்று கணக்காகக் குறுக்கி, பாலம், குகை, ஸ்டேஷன் எல்லாவற்றையும் கையால் சமைத்து, அதில் ரயிலையும் ஓட்டி மகிழ்கிறார்கள். "வயதுவந்தவர்களுக்கு இது என்ன பொம்மை விளையாட்டு?" என்று கேட்கத் தோன்றும். விளையாட்டுத்தான். ஆனால் இருபது வருஷங்களாகக் கணக்கும் விஞ்ஞானமும் கற்பித்துவரும் நாம், இந்த விளையாட்டைப்போலக் கண்டிப்பான ஓர் உபாத்தியாயரை இதுவரை கண்டதில்லை.

சென்ற வருஷம் நம் வகுப்பு மாணவ மாணவிகள் பன்னிருவருடன் இந்தக் காரியத்தில் இறங்கினோம். நாம் தேர்ந்துகொண்டது நீலகிரி மலை ரயில்.

இந்தப் பாதையின் வரலாறு பொறுமைக்கு ஒரு பாடம். மலைமேல் ரயில் விடலாம் என்ற யோசனை 1854-இல் பிறந்தது. வேலை தொடங்கியது 1891-இல். குன்னூர் வரையில் ரயில் ஏறியது 1899-இல். உதகமண்டலத்தை எட்டியதோ 1908-இல். யோசனை பிறந்த வருஷத்தில் பிறந்த குழந்தைக்கு, உதகை வரை ரயிலில் போகும் பாக்கியம் ஐம்பத்துநான்காவது வயதில்தான் கிடைத்திருக்கும்! மேட்டுப்பாளையத்தில் கடல்மட்டத்துக்கு மேல் 326 மீட்டரில் கிளம்பும் வண்டி, 46 கிலோமீட்டர் தூரத்தில் 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. வழியில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 2005-ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஸ்தாபனம் இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது.

முதல் நாளே கணக்கு குறுக்கே வந்து நின்றது. 87-இல் ஒரு பங்காகச் சுருக்குவது என்று தீர்மானித்தோம். அப்படிச் செய்தால் ஒரு மீட்டர் அகலமுள்ள அந்தப் பாதை ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் அகலமாகும். அந்த அளவில் தண்டவாளம் விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் 46 கிலோமீட்டரை 87-ஆல் வகுத்துப் பார்த்த மாணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். சுமார் 530 மீட்டர்! ஏற்றமோ இருபத்தொரு மீட்டருக்கு மேல். ஒரு நெட்டைத் தென்னையின் உயரம். நம்மிடம் இருந்ததோ எட்டு அடி நீளமுள்ள மேஜை. நிஜப் பாதையில் அது 212 மீட்டருக்குத்தான் ஈடு. ஆகவே, எதைச் சேர்ப்பது என்பதல்ல, எதை விடுவது என்பதே முதற்கேள்வியாயிற்று. ஒரு குகைவாயில், ஒரு பாலம், ஒரு வளைவு, ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும் இடம், இவ்வளவுதான் என்று பல நாள் விவாதத்துக்குப் பின் முடிவாயிற்று.

இங்கேதான் ஓர் அற்புதத்தை மாணவர்கள் கண்டார்கள். நீளம் சுருங்குகிறது, உயரம் சுருங்குகிறது, ஆனால் சரிவு சுருங்குவதில்லை. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையில் மிகச் செங்குத்தான இடங்களில் பன்னிரண்டு அடி தூரத்துக்கு ஓர் அடி ஏறவேண்டும். மேஜைமேலும் அதே பன்னிரண்டுக்கு ஒன்றுதான். எட்டு அடிப் பலகையின் ஒரு முனையை எட்டு அங்குலம் உயர்த்தினோம். பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது. சிறிய மின்சார எஞ்சின் இரண்டு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறியும் விட்டது. "இவ்வளவுதானா?" என்றான் ஒருவன். தண்டவாளத்தின்மேல் எண்ணெய்த் துணியால் இலேசாக ஒருமுறை துடைத்தோம். சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுழன்றன. வண்டி பின்னுக்கு வழுகியது. நீலகிரியில் மழையும் மூடுபனியும் செய்வது இதைத்தான். இரும்பின்மேல் இரும்பு உருளும்போது பிடிப்பு மிகச் சொற்பம். ஈரம் பட்டால் அந்தச் சொற்பமும் குறைந்துவிடும். பொம்மையாயினும் நிஜமாயினும் மலைக்கு இரண்டும் ஒன்றே. அது யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

இதற்கு ஸ்விட்ஸர்லாந்து தேசத்து எஞ்சினியர் ரோமன் ஆப்ட் கண்ட உபாயமே இந்தப் பாதையில் கையாளப்பட்டது. இரு தண்டவாளங்களுக்கும் நடுவில், சற்று உயரமாக, பற்கள் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்கள் பக்கத்தில் பக்கமாக ஓடுகின்றன. எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரங்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு ஏறுகின்றன. சூட்சுமம் எங்கே இருக்கிறது என்றால், ஒரு சட்டத்தில் பல் உள்ள இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். ஆகவே ஒரு பல் பிடியை விடும்போது மற்றொரு பல் அழுத்தமாகப் பிடித்திருக்கும். வண்டி குலுங்காது, பிடியும் அறாது. கடையில் அடிக்கணக்கில் விற்கும் பிளாஸ்டிக் பல்சட்டத்தை வாங்கி, இரண்டிரண்டாக, அரைப் பல் விலக்கி ஒட்டினோம். எஞ்சினுக்கு வேண்டிய இரட்டைப் பல்சக்கரத்தை ஒரே அச்சில் பொருத்திக் கொடுத்தவர் பள்ளிக்கு அருகே லேத் பட்டறை வைத்திருக்கும் தொழிலாளி ஒருவர். வேலை முடிந்த அன்று பட்டறையை மூடிவிட்டுத் தம் மகனையும் அழைத்துக்கொண்டு பார்க்க வந்தார். எண்ணெய் தடவிய தண்டவாளத்தில் வண்டி நிதானமாக மேலேறியபோது, அவர் முகத்தில் தோன்றிய சந்தோஷத்துக்கு எந்தப் பரிசையும் ஈடு சொல்ல முடியாது.

ஏறும்போது இந்த ரயிலில் எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தில் ஓடிவிடாமல் எஞ்சின் தாங்கிக்கொள்ளும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆனால் பின்னாலிருக்கும் டிரைவருக்கு முன்னாலுள்ள வழி தெரியாதே! அதற்காக ஒவ்வொரு பெட்டியின் முன் தளத்திலும் ஒரு பிரேக்காளர் நிற்கிறார். முதற்பெட்டியில் நிற்பவர் கொடி அசைக்க, அதைப் பார்த்து அடுத்தவர் அசைக்க, செய்தி கைக்குக் கை மாறி டிரைவரை அடைகிறது. இத்தனை யந்திர சாமர்த்தியமும் கடைசியில் சில மனிதர்களின் கண்ணையும் கையையும் நம்பியே மலையேறுகிறது.

மாதிரிக்கு மனிதர் வேண்டுமே என்று, விற்பனைக்கு வரும் சிறு உருவங்களை வரவழைத்தோம். பெட்டியைத் திறந்தால் தொப்பியணிந்த கனவான்கள், குடை பிடித்த சீமாட்டிகள், கைப்பெட்டியுடன் நிற்கும் பிரயாணிகள்! கொடி பிடித்த பிரேக்காளர் ஒருவரும் இல்லை. அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "ஸார், மலையைக் குடைந்தவர்கள் எங்கே?"

அந்தக் கேள்வி நம்மை வெகுநேரம் மௌனமாக்கிவிட்டது. பள்ளி நூல்நிலையத்தில் கிடைத்த புத்தகங்களில் பொறியாளர் பெயர் இருந்தது. கவர்னர் பெயர் இருந்தது. பதினாறு குகைகளையும் வெட்டித் தந்த கைகளில் ஒன்றுக்கும் பெயர் இல்லை. பெயரை நாம் எங்கிருந்து கொண்டுவருவது? ஆனால் இடம் கொடுக்கலாம் அல்லவா? ஐந்தரை அடி மனிதன் இந்த அளவில் 19 மில்லிமீட்டர்தான். தீக்குச்சியும் களிமண்ணும் கொண்டு, குகைவாயிலில் கடப்பாரை பிடித்தவர்களையும், கூடை சுமக்கும் பெண்களையும், பெட்டிதோறும் பிரேக்காளர்களையும் மாணவர்களே செய்து நிறுத்தினார்கள். மலையை வெட்டியவர்களும் அதில் ஓடும் ரயிலும் ஒரே சமயத்தில் இருப்பது காலக்கணக்குக்குப் பொருந்தாது என்று ஒரு நண்பர் ஆட்சேபித்தார். பொருந்தாதுதான். ஆயினும் அவர்களை எடுத்துவிட மாணவர்கள் சம்மதிக்கவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை.

எஞ்சினைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பாதையின் புகழ்பெற்ற நீராவி எஞ்சின்கள் ஸ்விட்ஸர்லாந்திலுள்ள விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. அவற்றுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். அவற்றில் ஒருமுறை உழைத்து வெளிவரும் நீராவியே மற்ற இரண்டில் புகுந்து பல்சக்கரங்களைச் சுழற்றும். இத்தகைய எஞ்சின் அந்நிய தேசத்திலிருந்துதான் வரவேண்டும் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். 2011 முதல், திருச்சிராப்பள்ளி பொன்மலைப் பணிமனையில் நம் தொழிலாளர்களே அதே அமைப்பில் புதிய எஞ்சின்களைச் செய்து மலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும், அட்டையும் பசையும் கொண்டு எஞ்சின் உடலைச் செய்துகொண்டிருந்த பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்படியானால் பொன்மலை எஞ்சினையே செய்துவிடுகிறேன்" என்றான்.

பரீட்சை நெருங்கும்போது இதெல்லாம் எதற்கு என்று சில பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாம் சொன்ன பதில் இதுதான்: 1937-இல் மகாத்மா காந்தி வார்தாவில் தம் கல்வித் திட்டத்தை முன்வைத்தபோது, கையால் செய்யும் தொழிலின் வழியாகவே அறிவும் வளரவேண்டும் என்றார். அவர் நினைத்தது இராட்டையும் தறியும். பொம்மை ரயில் அல்ல. ஆயினும் விகிதம், சரிவு, உராய்வு ஆகிய மூன்றையும் இந்தப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு இனி எந்தப் பரீட்சையும் மறக்கடிக்க முடியாது. உழைப்பவனை மரியாதையோடு பார்க்கும் கண்ணும் அவற்றோடு சேர்ந்து கிடைத்திருக்கிறது. அதற்கு மார்க்குப் போடும் வழிதான் நமக்குத் தெரியவில்லை.

வீட்டில் குழந்தைகள் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு யோசனை. எட்டடி மேஜையும் மின்சார எஞ்சினும் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு பலகை, ஓர் அளவுகோல், சக்கரமுள்ள ஏதாவது ஒரு வண்டி போதும். பன்னிரண்டுக்கு ஒன்று என்று பலகையைச் சாய்த்துக் குழந்தையின் கையில் கொடுங்கள். மற்றதை மலையே கற்பித்துவிடும்.