சந்தைக்குப் புறப்படும் வண்டி



ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையைப் பற்றித் தொப்பம்பட்டிக் குடியானவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கேரளம் செல்லும் லாரி புறப்படும் நேரத்துக்குள் வந்து சேர்ந்த முருங்கையும் தக்காளியும் அதில் ஏறும். பிந்தியவை அடுத்த லாரிக்குக் காத்திருக்கும். ஒருவருடைய கத்தரி இன்னும் பறிபடவில்லை என்பதற்காக ஊரார் காயையெல்லாம் வாட விடுவார் உண்டோ? இந்த எளிய நியாயத்தை நாம் ஒருமுறை மறந்தோம்.

நமது பங்கின் இளைஞர் ஐவர், திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளில் வேண்டிய பெயரைத் தேடியெடுக்க ஒரு கணினி நிரல் எழுத முன்வந்தனர். அண்டைப் பங்குகளும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் இயலுமாறு அதனைத் திறந்த மூல மென்பொருளாக ஆக்கினர். திறந்திருப்பது நிரலின் மூலம் மட்டுமே, பதிவேடுகள் அல்ல. கூலி ஒன்றும் இல்லை. படிப்பும் வேலையும் போக எஞ்சிய ஞாயிறு மாலைகளே அவர்தம் முதல்.

உயிர்ப்புப் பெருவிழாவன்று முதல் வெளியீடு என்று முடிவாயிற்று. ஆனால் நாமோ, “திருமணப் பதிவேடும் சேரட்டும்” என்றோம். பின்னர், “கல்லறைப் பதிவும் இருந்தால் நலம்” என்றோம். நாள் பங்குத் திருவிழாவுக்குத் தள்ளிற்று. அங்கிருந்து கிறிஸ்து பிறப்புக்குத் தள்ளிற்று. அதற்கும் ஒரு வாரம் இருக்கையில், திரையில் ‘ஞானஸ்நானம்’ என்றிருந்த இடமெல்லாம் ‘திருமுழுக்கு’ என்று மாற்றச் சொன்னோம். ஒரு சொல்தானே என்பது நமது எண்ணம். திரைகளையும் விளக்கக் கையேட்டையும் எழுதிய கல்லூரி மாணவி மூன்று இரவுகள் கண்விழித்து மாற்றினாள். அதன்பின் அவள் வரவில்லை, நிரலும் வெளிவரவில்லை.

குழுவில் மூத்தவர் ஒருநாள் தம் பழைய மடிக்கணினியைக் கொணர்ந்து காட்டினார். தமிழக அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பள்ளியில் பெற்றது அது. அதிலிருந்த ‘பாஸ்’ லினக்ஸ், சி-டாக் நிறுவனத்தார் சென்னையில் உருவாக்கியது. ‘டெபியன்’ என்னும் இயங்குதளத்தை அடியொற்றியது. அந்த டெபியனின் கதையை அவர் சொல்லக் கேட்டோம்.

1993ஆம் ஆண்டு இயன் மர்டாக் என்பவர் தொடங்கிய டெபியனைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் பேணி வருகின்றனர். 2002 ஜூலையில் ஒரு பதிப்பை வெளியிட்டவர்கள் அடுத்ததை 2005 ஜூனில்தான் வெளியிட முடிந்தது. அடுத்த வண்டி என்று வருமெனத் தெரியாதபோது, எல்லோரும் இதிலேயே தம் மூட்டையை ஏற்றப் பார்ப்பர். வண்டி மேலும் தாமதிக்கும். 2006ஆம் ஆண்டு டிசம்பர் வெளியீட்டை உறுதி செய்ய வேண்டி, வெளியீட்டுப் பொறுப்பாளர் இருவருக்கு மட்டும் ஒவ்வொரு மாத ஊதியம் தரச் சிலர் ஏற்பாடு செய்தனர். ஊதியமின்றி உழைத்தோர் பலர் மனம் கசந்தனர். சிலர் தம் பணியையும் குறைத்தனர். பதிப்பு வந்ததோ 2007 ஏப்ரலில். அன்பினால் செய்யும் வேலையைப் பணத்தாலும் விரட்ட இயலாது போலும்.

பின்னர் அவர்கள் கண்ட வழி, ‘உறைநிலை’ நாளை முன்கூட்டியே அறிவிப்பது. அந்நாளுக்குப் பின் புதியது எதுவும் சேராது. வழுக்களைக் களைவது மட்டுமே வேலை. கடுமையான வழுக்கள் தீர்ந்த பின்னரே வெளியீடு. இப்பொழுது ஏறத்தாழ ஈராண்டுக்கொரு பதிப்பு வருகிறது: 12ஆம் பதிப்பு 2023 ஜூனிலும், 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டிலும் வந்தன. ‘குனோம்’ என்னும் மற்றொரு திட்டமோ ஆறு மாதத்துக்கொரு முறை வெளியிடுகிறது. திரையில் தோன்றும் சொற்களுக்கென்றே அங்குத் தனி உறைநிலை உண்டு. அதன்பின் ஒரு சொல்லை மாற்றவும் மொழிபெயர்ப்புக் குழுவின் இசைவு வேண்டும். தமிழுக்கும் பிற மொழிகளுக்கும் பெயர்ப்போரின் உழைப்பு வீணாகாதிருக்கவே இவ்விதி.

இதைக் கேட்டதும் அம்மாணவியின் மூன்று இரவுகள் நம் கண்முன் நின்றன.

மறுநாளே அவள் இல்லம் சென்று, பெற்றோர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டோம். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “வேலை அதிகம்னு நான் போகலை ஃபாதர். எப்போ முடியும்னே தெரியலை. அதனாலதான் போனேன்” என்றாள். நம்மிடம் மறுமொழி இல்லை.

மீண்டும் கூடியபோது நாள்காட்டியைப் பெருவிழாக்களிலிருந்து தொடங்காமல், ஐவருடைய தேர்வுகள், வேலை நெருக்கடி, வீட்டு விசேஷங்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்கினோம். ஜனவரி இறுதி ஞாயிறு ஒன்று, ஜூலை முதல் ஞாயிறு ஒன்று என ஆண்டுக்கு இரு வெளியீடுகள். மூன்று வாரம் முன்பே சொற்கள் உறையும். கடைசிப் பத்து நாள் வழு நீக்கத்துக்கே. எந்தப் பகுதியும் ஒருவர் மட்டும் அறிந்ததாய் இராமல் இருவர் கையில் இருக்கும். முடியாதது அடுத்த வெளியீட்டுக்குப் போகும். முடிக்காதவரை யாரும் கடிந்துகொள்வதில்லை.

ஜூலை முதல் ஞாயிறன்று நிரல் வெளிவந்தது. திருமுழுக்குப் பதிவேடு மட்டும்தான். திருமணம் இல்லை, கல்லறை இல்லை. பேரனின் பள்ளிச் சேர்க்கைக்காகச் சான்றிதழ் கேட்டு வந்த மூதாட்டி ஒருவருக்கு, முன்பு அரைநாள் புரட்டித் தேடிய பெயரைச் சில நொடிகளில் எடுத்துத் தந்தோம். விடுபட்டவை எவையென்று அவர் கேட்கவில்லை.

சென்ற வாரம் நமக்கு ஓர் அருமையான யோசனை தோன்றிற்று. அலைபேசியைக் கையில் எடுத்துவிட்டு, நாள்காட்டியைப் பார்த்தோம். சொற்கள் உறைந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. யோசனையைக் குறிப்பேட்டில் எழுதி, அருகே ‘அடுத்த வண்டிக்கு’ என்று குறித்து வைத்தோம். அடுத்த வண்டி வரும் என்பது இப்பொழுது நமக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.