பிடியை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் தேங்காய் வெட்டுகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் திருமுடிவாக்கம் வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னை நிற்கிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விழுந்த காய்களின் மட்டையை வெட்டி எடுக்க ஒரு பெரிய கத்தியோடு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் பேத்தி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மூன்றாவது காய்க்குக் கையை ஓங்கினேன். திடீரென்று கை லேசானது. பிடி மட்டும்தான் கையில் இருந்தது. இரும்பு என் தோளைத் தாண்டிப் பின்னால் பறந்து, குழந்தையின் காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தி நின்றது.

"தாத்தா, கத்தி குதிச்சுடுச்சு!" என்று அவள் சிரித்தாள். எனக்கு உதறல் அடங்க அரைமணி நேரம் ஆனது. வீட்டம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்தக் கத்தியை வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். வெளிவட்டச் சாலை ஓரம் வடக்கே இருந்து வரும் கொல்லர் குடும்பம் ஒன்று பட்டறை போட்டிருந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கணவர் இடுக்கியில் பழுத்த இரும்பைப் பிடித்திருக்க, மனைவி சம்மட்டி அடிப்பார். அந்த அம்மா 450 ரூபாய் சொன்னார். நான் 300 என்றேன். தலையாட்டி மறுத்துவிட்டார். கத்தியும் கறுப்பாக, கரடுமுரடாக இருந்தது. கடைத்தெருவுக்குப் போய், முகம் பார்க்கலாம் போலப் பளபளத்த ஒன்றை 220 ரூபாய்க்கு வாங்கி, கெட்டிக்காரத்தனம் செய்த நினைப்பில் வீடு வந்தேன்.

மறுநாள் இரும்பையும் பிடியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் இளநீர் விற்கும் தம்பியிடம் போனேன். நாள் முழுக்கக் கத்தியோடு பிழைக்கிறவர். கையில் வாங்கிப் பார்த்த உடனே சொன்னார்: "சார், இது கத்தி இல்ல. தகரத்துக்குக் கத்தி வேஷம்."

பிடிக்குள் போகும் வால் பகுதியைக் காட்டினார். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மரத்தில் ஓட்டை போட்டு, அரக்கு மாதிரி எதையோ ஊற்றி ஒட்டியிருக்கிறார்கள். நாலு அடியில் அது பொடியாகிவிட்டது. அவருடைய கத்தியில் வால் பிடியின் முழு நீளத்துக்கும் ஓடி, பின்பக்கம் வெளியே வந்து மடக்கி அடிக்கப்பட்டிருந்தது. முன்பக்கம் இறுக்கமாக ஓர் இரும்புப் பூண். "மொதல்ல இதத்தான் சார் பாக்கணும். வாய் மழுங்கினா சாணை புடிச்சுக்கலாம். பிடி கழண்டா யாரு தலைல போய் விழும்னு சொல்ல முடியாது."

அடுத்து அரத்தை எடுத்து என் கத்தியின் வாயில் ஓர் இழுப்பு இழுத்தார். வெண்ணெயில் இழுத்த மாதிரி இறங்கியது. அவருடையதில் கரகரவென்று வழுக்கிக்கொண்டு கொஞ்சமாகத்தான் பிடித்தது. அது லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தியாம்.

31 வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான். சாதாரண இரும்பில் கார்பன் கால் சதவீதத்துக்குள் இருக்கும், ஸ்பிரிங் பட்டையில் அரை சதவீதத்தைத் தாண்டும், அதனால்தான் பழுக்கக் காய்ச்சித் தோய்த்தால் இது இறுகும், அது இறுகாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கடைக்காரர் முன்னால் நின்றபோது அதில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. பளபளப்பும் விலையும்தான் கண்ணில் பட்டன.

ஒன்று கவனியுங்கள். அரம் கொஞ்சமும் பிடிக்காமல் வழுக்கினால் அதுவும் நல்லதில்லை. தோய்த்த இரும்பை மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்தாமல் விட்டால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கொட்டாங்கச்சியில் பட்டதும் பல் பல்லாக உதிரும். பெரிய வெட்டுக்கத்திக்கு இரண்டுக்கும் நடுவான பதம் வேண்டும். வாயில் எங்காவது நீலம் திட்டாகப் பாய்ந்திருந்தால், சாணை பிடிக்கும்போது அதிகம் சூடாகிப் பதம் போன இடம் அது. வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

எங்கள் பூர்வீகம் மானாமதுரைப் பக்கம். மதுரை–ராமேசுவரம் சாலையில் இருக்கும் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர். அப்பா அங்கே வாங்கும்போது, அரிவாளை இரண்டு விரலில் தொங்கவிட்டுச் சுண்டிப் பார்ப்பார். கணீரென்று கேட்க வேண்டும். கீறல் விழுந்த பானை மாதிரி சத்தம் வந்தால் உள்ளே விரிசல் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாயின் நேர் பார்ப்பார். விலையைப் பேசுவது கடைசியில்தான். நான் விலையில் ஆரம்பித்தேன்.

அன்று சாயங்காலமே பட்டறைக்குப் போனேன். அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது, சிரித்தார். முதலில் எடுத்த கத்தியில் லேசான வளைவு இருந்தது, வைத்துவிட்டேன். இரண்டாவது சரியாக இருந்தது. பிடி போட்டுத் தரும்வரை பக்கத்தில் நின்று, அவர் வேறொரு கத்திக்கு அடிக்கும் சம்மட்டி அடிகளை எண்ணினேன். நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அவர் கையெல்லாம் தீப்பொறி பட்ட தழும்பு. இதில்தான் 150 ரூபாய் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். பேசாமல் 450 கொடுத்துவிட்டு வந்தேன்.

விலை மலிவாக இருப்பது குற்றம் இல்லை. 450-ம் மலிவுதான். எது குறைந்ததால் விலை குறைந்தது என்று பார்க்காமல் வாங்கியது என் தப்பு.

இன்றைக்கே உங்கள் வீட்டுக் கத்தியின் பிடியை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். துளி ஆடினாலும் சரிசெய்யும்வரை தொடாதீர்கள். எவ்வளவு நல்ல கத்தியாக இருந்தாலும், ஓங்குவதற்கு முன் பின்னால் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நான் இப்போது ஒவ்வொரு காய்க்கும் திரும்பிப் பார்க்கிறேன்.

உங்கள் ஊரில் கத்தியை எப்படிப் பார்த்து வாங்குவார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன்.