ஆறாத புண்ணும் பிச்சாவரம் காடும்

1/ மக்களே, இன்னைக்கு ஒரு கால் புண்ணையும் ஒரு காட்டையும் பத்திப் பேசப் போறேன். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. கடைசி வரை படிங்க.

2/ அரசு மருத்துவமனையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. கிள்ளைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கழியில் இறால் பிடிப்பவர், சர்க்கரை நோய் இருக்கு. கால் கட்டைவிரலில் புண். சுத்தம் பண்ணி, மருந்து கட்டி, மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

3/ நாலு வாரம் வந்தார். புண் ஆறவே இல்லை. "வெறும் கால்ல சேத்துல இறங்குறீங்க, சொன்னா கேட்கிறதில்லை"ன்னு சத்தம் போட்டேன். "இல்லைங்க சார், வேலைக்கே போகல"ன்னார். நான் நம்பலை.

4/ அஞ்சாவது வாரம் சீனியர் சர்ஜன் வந்தார். புண்ணை அப்புறம்தான் பார்த்தார். முதலில் பாதத்தின் மேலே ரெண்டு விரலை வைத்து நாடி பார்த்தார். துடிப்பே இல்லை. காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. ரத்தமே போகாத இடத்தில் நான் ஒரு மாசமா மருந்து கட்டியிருக்கேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அடைப்பை எடுத்தாங்க. விரல் போச்சு, கால் தப்பிச்சது.

5/ இப்ப காட்டுக்கு வர்றேன். சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்ததே தில்லை மரத்தால்தான். அந்த மரத்தைப் பார்க்கணும்னா பிச்சாவரம் போங்க. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. (தில்லைப் பால் கண்ணில் பட்டா தேய்க்காதீங்க. நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிட்டு நேரா கண் டாக்டரிடம் போங்க.)

6/ இது காப்புக்காடு. ஆனா விறகுக்காக இதைப் பகுதி பகுதியா மொட்டையடிச்சது அரசாங்கமேதான். ஆங்கிலேயர் காலத்தில் ஆரம்பிச்சது, சுதந்திரத்துக்கு அப்புறமும் நடந்தது. வெட்டினா திரும்ப முளைச்சிடும்னு கணக்கு.

7/ முளைக்கலை. ஏன்? நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து அமுங்கி, தரை கிண்ணம் மாதிரி குழிஞ்சது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல் தண்ணீர் வற்றத்தில் வெளியே போக முடியலை. அங்கேயே தேங்கி ஆவியாச்சு, உப்பு ஏறிக்கிட்டே போச்சு. அந்த உப்பில் அலையாத்தி கன்றே பிழைக்காது.

8/ பழி யார் மேல விழுந்தது தெரியுமா? மாடு மேய்ச்சவங்க, விறகு பொறுக்கினவங்க மேல. படிச்சப்ப எனக்கு அந்தப் பெரியவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

9/ 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நாடி பார்த்தாங்க. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் சாய்வா கிளை வாய்க்கால்கள், மீன் முள்ளு மாதிரி. கடல் தண்ணீர் வந்து போக ஆரம்பிச்சதும் உப்பு குறைஞ்சது. அப்புறம் நட்ட கன்று பிழைச்சது. முதலில் ஓட்டம், பிறகு மருந்து.

10/ 26 டிசம்பர் 2004. காட்டுக்கு முன்னாடி மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு மோசமா அடி வாங்கியது. காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு 2005ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. மரமா, இல்லை கடலிலிருந்து தூரமும் மேடும் காரணமான்னு அதுக்கப்புறம் விவாதமும் நடந்தது. ஆனா காட்டை அழிச்சுட்டு அந்தச் சோதனையைப் பண்ணிப் பார்க்க யாரும் தயாரா இல்லை.

11/ 2022ல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சந்தோஷம். ஆனா படகில் போனா நமக்குத் தெரிவது ஓரத்துப் பச்சை மட்டும்தான். மேலே தோல் மூடியிருந்தா உள்ளே சீழ் இல்லைன்னு அர்த்தமில்லை. காகிதத்தில் 'காப்பு'ன்னு இருந்தா காடு காப்பாற்றப்படுதுன்னும் அர்த்தமில்லை.

12/ அதனால ரெண்டு விஷயம். எங்கேயாவது அலையாத்தி நடக் கூப்பிட்டா, கன்று எத்தனைன்னு கேட்கிறதுக்கு முன்னாடி "தண்ணீர் வந்து போகுதா?"ன்னு கேளுங்க. வீட்டில் சர்க்கரை நோயாளிக்குக் கால் புண் ரெண்டு வாரமா ஆறலைன்னா, "பாதத்தில் நாடி பார்த்தீங்களா டாக்டர்?"ன்னு கேளுங்க. கோபப்பட மாட்டோம். பட்டாலும் பரவாயில்லை, கேளுங்க.