அய்யன் படத்துல இருக்கறது அய்யன் கண்ணு இல்லைங்க

மழை விட்டு நாலு நாளாச்சு. காடு இன்னும் உழவு ஓட்டற பதத்துக்கு வரலை. அதான் உக்காந்து எழுதறேன்.

கோயமுத்தூர்ல வேலை பாக்கற மகள் போன தீபாவளிக்கு எனக்கு ஒரு கேமரா வாங்கிக் குடுத்துச்சு. கேனான் ஆர்50. மிர்ரர்லெஸ்னு சொல்றாங்க. கூடவே ரெண்டு லென்ஸ். 18-45 ஒண்ணு, 55-210 ஒண்ணு. விலையைக் கேட்டதும், "இந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு பிடிச்சிருக்கலாமே சாமி"ன்னேன். "மாடுன்னா நீங்களே வாங்கிக்குவீங்க, இதை வாங்க மாட்டீங்கப்பா"ன்னுச்சு. நெசந்தான்.

முதல் மாசம் பூரா பெரிய லென்ஸும் கையுமாத்தான் திரிஞ்சேன். எங்க காட்டுல கடலைக்காயை நோண்டித் திங்கற மயில்களைப் படம் பிடிக்கணும்னு ஆசை. விடிகாலையில எடுத்தா, படம் மேல மணலை அள்ளித் தூவுனாப்பல இருந்துச்சு. அந்த லென்ஸை 210 வரைக்கும் நீட்டுனா வெளிச்சம் போற வழி சுருங்கிப் போகுது, எஃப் 7.1தான். அதைச் சரிக்கட்ட கேமரா ஐஎஸ்ஓவைத் தானா ஏத்திக்குது, அதுல வர்ற புள்ளிதான் அந்த மணல். சரி, உச்சி வெயில்ல எடுக்கலாம்னு போனா, தரையில இருந்து எழும்பற கானல்ல மயிலே நெளியுது. காலையில ஏழரை மணி வெயில்தான் தோதுன்னு தெரிய முந்நூறு படம் வீணாச்சு.

அடுத்தது என் முட்டாத்தனம். மக்காச்சோளம் அடிக்கற மெஷின் ஓடிட்டு இருக்கறப்பவே களத்துல நின்னு லென்ஸ் மாத்துனேன். பழைய கேமராவுல சென்சாருக்கு முன்னால ஒரு கண்ணாடி மறைச்சு நிக்கும். இதுல அது கிடையாது. லென்ஸைக் கழட்டுனா கதவில்லாத வீடுதான். அன்னைக்கு எடுத்த வானம் எல்லாத்துலயும் ஒரே இடத்துல ஒரு கருப்புப் பொட்டு. எஃப் 16ல பளிச்சுன்னு தெரியும், எஃப் 1.8ல காணாமப் போயிரும். வாயால ஊதிராதீங்க, எச்சி தெறிச்சா இன்னும் மோசம். ரப்பர் பந்து மாதிரி ஒரு ஊதுகுழல் கடையில கிடைக்குது. கேமராவைக் கவுத்துப் பிடிச்சு அதுலதான் ஊதணும். இப்பெல்லாம் வீட்டுக்குள்ள வந்து, கேமராவை அணைச்சு, வாயைக் கீழ பாக்க வெச்சுத்தான் லென்ஸ் மாத்தறது.

இனி சொல்ல வந்த விசயத்துக்கு வர்றேன்.

எங்கய்யன் இறந்து முப்பது வருசத்துக்கு மேல ஆச்சுங்க. தனியா ஒரு படம் கிடையாது. சொந்தக்காரர் கல்யாணத்துல எடுத்த கூட்டப் படத்துல மூணாவது வரிசையில நிக்கறாரு, மூஞ்சி புளியங்கொட்டை அளவு. அதைத்தான் ஸ்டுடியோவுல பெருசு பண்ணிக் குடுத்தாங்க. பெருசு பண்ணுனதுல கண்ணு இருந்த இடம் வெறும் நிழலாப் போச்சு. பிரஷ்ல கண்ணு வரைஞ்சு, மீசையும் வெச்சுக் குடுத்துட்டாங்க. சுவத்துல மாலை போட்டுத் தொங்கறது அந்தப் படந்தான். அம்மா ஒரே ஒரு தடவை சொல்லுச்சு, "இது ஆரோ மாதிரி இருக்குது கண்ணு."

அம்மாவுக்கு இப்ப எண்பத்தி மூணு. படம்னாலே முந்தானையால மூஞ்சியை மூடிக்கும். தை மாசத்துல 50 எம்எம் லென்ஸ் ஒண்ணு, எஃப் 1.8, நானே காசு போட்டு வாங்குனேன். அது முன்னும் பின்னும் இழுக்காது. கிட்ட வேணும்னா நாமதான் எந்திரிச்சுப் போகணும். ஒரு நாள் அம்மா திண்ணையில உக்காந்து விதைக்குக் கடலைக்காய் தொலி உரிச்சுட்டு இருந்துச்சு. நானும் கூட உக்காந்து அரை மணி நேரம் உரிச்சேன். அப்பறந்தான் கேமராவை எடுத்தேன். திரையில சின்னக் கட்டம் ஒண்ணு தானா அம்மா கண்ணு மேல போய் உக்காந்துச்சு. அதைப் பாத்ததும் எனக்குக் கை கொஞ்சம் ஆடிப் போச்சுங்க. ஆட்டத்தைத் தாங்கற வசதி அந்த லென்ஸ்ல இல்லை. மூச்சைப் பிடிச்சுட்டு, 200ல ஒரு பங்கு செகண்ட்ல எடுத்தேன். பதினோரு படத்துல ஒண்ணு தேறுச்சு.

டவுன்ல பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து குடுத்தேன். கண்ணுக்கிட்ட வெச்சு ரொம்ப நேரம் பாத்துச்சு. "நாந்தான்"னுச்சு. அய்யன் படத்துக்குப் பக்கத்துல ஆணி அடிக்கலாமான்னு கேட்டேன்.

"இருக்கறப்பவே சுவத்துல மாட்டுவாங்களா? பொட்டியில வெய்யி கண்ணு, அப்பறம் வேணுமல்ல"ன்னு சொல்லிட்டு, மிச்சக் காயை உரிக்கப் போயிருச்சு.

பொட்டியிலதான் இருக்குதுங்க, அம்மா கூறைச் சேலைக்கு அடியில.