பரம்பிக்குளத்துக்குத் தனியாகப் போக முடியாது

சேத்துமடைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவர் அலுத்துக்கொண்டார்: "கேரளாவுக்குப் போறதுக்குத் தமிழ்நாட்டுலயும் காசு கட்டோணுமாங்க?"

கட்டத்தான் வேண்டும். பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, முதலமடை ஊராட்சியில் இருக்கிறது. மாங்காய்க்குப் பேர்போன அந்த முதலமடையிலிருந்து நேராக மேலே ஏற வண்டிப்பாதை இல்லை. பாலக்காட்டுக்காரர் தன் சொந்த மாவட்டத்து ஊருக்குப் போக எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்கு வந்து, சேத்துமடை, டாப்சிலிப் வழியாக மலையேறி, மறுபடி எல்லை தாண்ட வேண்டும். ஏறத்தாழ 100 கிலோமீட்டர். 2020இல் கொரோனாவுக்காக எல்லையை அடைத்தபோது உள்ளே இருந்த பழங்குடி மக்கள் வெளியே வர வழியில்லாமல் அகப்பட்டுக்கொண்டார்கள். தேக்கடிக் குடியிருப்பிலிருந்து கீழே செம்மணாம்பதிக்குத் தாங்களே காட்டுப்பாதை வெட்டத் தொடங்கினார்கள். (இடுக்கியில் படகு விடுகிற தேக்கடி வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று.)

டாப்சிலிப்பில் டீ குடித்ததோடு சரி. வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய மரங்களை மலையுச்சியிலிருந்து சரித்துவிட்ட இடம் என்பதால் அந்தப் பெயர். மொட்டையடித்த மலையில் மறுபடி தேக்கு வளர்த்த வன அதிகாரி ஹியூகோ வுட்டின் சமாதியும் அங்கேதான் இருக்கிறது. கைத்தடியால் மண்ணில் குழி போட்டு விதை போட்டுக்கொண்டே நடப்பாராம். திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். திரும்பும்போது இருட்டிவிட்டது.

அங்கிருந்து சற்று தூரத்தில் ஆனப்பாடி. கேரளம் தொடங்குகிறது. காரை ஓரங்கட்டிவிட்டு வனத்துறைப் பேருந்தில் ஏற வேண்டும். உள்ளே தங்க அனுமதி வாங்கியவர்கள் சொந்த வண்டியில் போகலாம், ஆனால் அவர்களோடும் ஒரு வழிகாட்டி ஏறிக்கொள்வார். தனியாக யாரையும் விடுவதில்லை. கும்பலோடு காடு பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. முப்பது பேர் ஏறிய வண்டிக்குள் முறுக்கு வாசனை வந்ததும் இருந்த கொஞ்சமும் போய்விட்டது.

எங்கள் வழிகாட்டி மலசர் இனத்தைச் சேர்ந்த இளைஞர். காக்கிச் சட்டை, ரப்பர் செருப்பு. தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று கலந்த பேச்சு. காடர், மலசர், மலைமலசர், முதுவர் என்று நான்கு பழங்குடிகள் இந்தக் காட்டுக்குள் குடியிருக்கிறார்கள். வழிகாட்டிகள் பெரும்பாலும் இவர்கள்தான்.

"மெல்லப் பேசணும் சார். தீனி எதையும் வெளிய காட்டக் கூடாது" என்றார். அதற்குள் பின் இருக்கையில் யாரோ புலியைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். நீங்கள் புலியைப் பார்க்காவிட்டாலும் புலி உங்களைப் பார்த்திருக்கும் என்ற வாசகத்தை எதிர்பார்த்தேன். இந்தியாவில் எந்தப் புலிக்காட்டுக்குப் போனாலும் அதைச் சொல்லிவிடுகிறார்கள். இவர் சொல்லவில்லை. "நான் பொறந்ததே இங்கதான். மூணு தடவ பாத்திருக்கேன்" என்றார். பேருந்து கொஞ்ச நேரம் அடங்கியது.

என் பக்கத்து இருக்கையில் பல்லடத்துக்குத் தெற்கே ஏதோ ஊரிலிருந்து வந்த விவசாயியும் அவர் மனைவியும். சோதனைச் சாவடியில் அலுத்துக்கொண்டவர் அவர்தான். போன வருஷம் குழுவாக பத்ரிநாத், கேதார்நாத் போய்வந்தார்களாம். பேருந்தோடு சமையல்காரரும் வந்து, ரிஷிகேசத்துக்கு மேலேயும் இட்லி, ரசம் கிடைத்ததாம். "அங்க பனியப் பாத்தமுங்க. இங்க என்னத்தக் காட்டுவாங்க, வெறும் மரத்தையா?" என்றார் அந்த அம்மாள்.

அவர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. முதல் அரை மணி நேரம் ஜன்னலுக்கு வெளியே தேக்கு, தேக்கு, தேக்கு. ஒரே உயரம், ஒரே இடைவெளி, கோடு போட்ட மாதிரி வரிசை. புள்ளிமான் கூட்டம் ஒன்று, சாலையோரம் மூன்று காட்டுமாடுகள், ஒரு மயில். கானகம் என்று நினைத்து வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது உண்மையில் ஒரு பழைய தோட்டத்தை. பழைய காட்டை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அரசு நட்டு வைத்த மரங்கள் அவை.

வெட்டிய மரம் போன வழிதான் பெரிய கதை. 1907இல் கொச்சி சமஸ்தானம் இந்த மலைக்குள் ஒரு டிராம் பாதை போட்டது. பரம்பிக்குளத்திலிருந்து மேற்கே சாலக்குடி வரைக்கும் சுமார் 80 கிலோமீட்டர். செங்குத்துச் சரிவுகளில் மரம் ஏற்றிய வண்டி தன் பாரத்திலேயே கீழே இறங்கும். அந்த இழுப்பில், கம்பிவடத்தின் மறுமுனையில் கட்டியிருக்கும் காலி வண்டி மேலே ஏறிவிடும். கிணற்றில் கமலை இறைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும். பின்னாளில் டிராம் நின்றது. பறவையியலாளர் சாலிம் அலி 1930களில் இந்தப் பக்கம் வந்து தங்கி ஆராய்ந்த குரியார்குட்டியும் அந்தப் பாதையில் இருந்த ஊர்தான். டிராமைப் பற்றி வழிகாட்டி இரண்டே வரிதான் சொன்னார். மூன்றாவதாக ஒன்று சேர்த்தார்: "எங்க தாத்தா அதுலதான் மரம் ஏத்துனாரு."

தாத்தா மரம் ஏற்றினார், பேரன் மரம் காட்டுகிறார். இதைக் கேட்டபிறகு நான் ஜன்னல் பக்கம் அதிகம் திரும்பவில்லை.

தூணக்கடவு தாண்டிக் கிளைச்சாலையில் போனால் கன்னிமாரா தேக்கு. வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டார்கள். சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர், உயரம் 40 மீட்டர் அளவில் இருக்கும், வயது 450க்கு மேல் என்கிறார்கள். மத்திய அரசு 1994–95இல் மகாவிருட்ச விருது கொடுத்தது. எண்களைக் கேட்டபோது வராத பிரமிப்பு, ஐந்து பேர் கைகோத்து மரத்தைக் கட்டிப்பிடிக்கப் போய், ஐந்தாவது ஆளுக்குக் கை எட்டாமல் நின்றபோது வந்தது. வழிநெடுக வரிசையில் நின்ற தேக்குகள் இதன் முன்னால் பென்சில் குச்சிகள்.

இது எப்படித் தப்பியது? வெட்டக் கோடரி வைத்தபோது மரத்திலிருந்து ரத்தம் பீறிட்டதாம். அன்றிலிருந்து பழங்குடி மக்கள் இதைக் கன்னியாக வைத்துக் கும்பிடுகிறார்களாம். பல்லடத்து அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டார். கொங்கு நாட்டில் காட்டோரம், வாய்க்காலோரம் எல்லாம் கன்னிமார் கோயில் உண்டு. ஏழு கல் நட்டிருந்தாலே கும்பிட்டுவிட்டுத்தான் தாண்டுவார்கள். பெயரைச் சொன்னதும் அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு பையன் மட்டும், "நெஜமாவே ரத்தம் வந்துச்சா?" என்று விடாமல் கேட்டான். வழிகாட்டி சாலையோரத்துக் கன்றிலிருந்து கொழுந்து ஒன்றைக் கிள்ளி அவன் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். கை மருதாணி வைத்த மாதிரி சிவந்தது. பையன் சட்டையில் துடைத்து அம்மாவிடம் அடி வாங்கினான். கதை பொய் என்றும் சொல்லாமல், மெய் என்றும் சொல்லாமல் அதைக் கையில் வைத்துக் காட்டிய அந்த நிமிஷத்துக்காகவே கட்டிய காசு தகும். காரில் தனியாக வந்திருந்தால் பலகையைப் படித்துவிட்டு, மரத்தடியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

பிறகு பரம்பிக்குளம் அணை. ஆவணி மாதம், நீர் ததும்பி நின்றது. அக்கரையில் மேகம் மலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கேரளக் காட்டுக்குள் தமிழ்நாட்டு நீர்வளத்துறையின் பலகை, குடியிருப்பு, அலுவலகம். இங்கே பெய்கிற மழை தன்போக்கில் விட்டால் மேற்கே சாலக்குடி ஆற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகும். மரம் போன அதே திசை. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் (பிஏபி) அதை மறித்துக் கிழக்கே திருப்பியது. சுரங்கம் வழியாகத் தூணக்கடவு, அங்கிருந்து மறுபடி சுரங்கத்தில் சர்க்கார்பதி மின்நிலையம், பிறகு காண்டூர் கால்வாயில் திருமூர்த்தி அணை, அதற்கப்புறம் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் சுமார் மூன்றேமுக்கால் லட்சம் ஏக்கர். ஒப்பந்தம் கையெழுத்தானது 1970இல். நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கிடுவது 1958 நவம்பரிலிருந்து. இரண்டு மாநிலமும் அதன் வரிகளைப் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் வழக்காடுகின்றன.

மானுக்கும் மயிலுக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்த பல்லடத்துக்காரர் இங்கே எழுந்துவிட்டார்.

"எத்தனை அடிங்க நிக்குது? எழுவத்திரண்டும் ரொம்பிருச்சா?"

வழிகாட்டி சிரித்தார். அணையின் முழு உயரம் 72 அடி என்பது பிஏபி விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் பேப்பரைப் பிரித்தால் முதலில் பார்ப்பது நீர்மட்டத்தைத்தான். பாசனப் பரப்பை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். ஒரு தோட்டத்துக்கு ஒரு முறை தண்ணீர் வந்துபோனால் அடுத்த முறைக்கு இரண்டு வருஷம் ஆகிவிடும். "கடைமடைங்க நமக்கு. வாய்க்கால்ல வர்றத மட்டுந்தான் பாத்திருக்கறேன். இது எங்கிருந்து வருதுன்னு அறுபது வயசுல இப்பத்தான் பாக்கறனுங்க" என்றார். மனைவியைக் கூப்பிட்டு மதகைக் காட்டினார். 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் மூன்று மதகுகளில் ஒன்று சங்கிலி அறுந்து பெயர்ந்து விழுந்ததையும் அவரே எங்களுக்குச் சொன்னார். தண்ணீர் பழைய வழியில் சாலக்குடிப் பக்கம் பாய்ந்தது. "நாலு நாள் தூக்கமே இல்லைங்க."

கேதார்நாத்தில்கூட இவர் இப்படி நிற்கவில்லை என்றார் மனைவி.

திரும்பும் வழியில் கருமந்திகளைப் பார்த்தோம், மலை அணில் ஒன்றைப் பார்த்தோம். ஒருமுறை வழிகாட்டி கையை உயர்த்தியதும் ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். மூங்கிலுக்குள் கிளை முறியும் சத்தம் மட்டும் கேட்டது. யானை வெளியே வரவில்லை. முறுக்குக்காரர்கள் உட்பட முப்பது பேரும் ஐந்து நிமிஷம் மூச்சுவிடாமல் இருந்தோம்.

போக வர 54 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. புலி தென்படவில்லை, யாரும் அதைப் பற்றி மறுபடி கேட்கவும் இல்லை. நீங்கள் போவதானால் பிளாஸ்டிக் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், இரண்டு மாநிலத்துச் சாவடியிலும் பையைக் கிளறுவார்கள். பேருந்தில் எல்லோரும் ஜன்னலுக்கு அடித்துக்கொள்வார்கள். விட்டுக்கொடுத்துவிட்டு, வழிகாட்டி நிற்கும் படிக்கட்டுக்குப் பக்கத்து இருக்கையைப் பிடியுங்கள்.